ஜம்பிள் சேலில் 150 ராண்டுக்கு வாங்கிய கனமான ரேடியோ: பேட்டரி போட்டுப் பார்க்கலாமா?

மஸ்கிரேவ்_மாடிவீடு:

எல்லாருக்கும் வணக்கம். ஊர் தென்காசிப் பக்கம், தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்கு வந்து ஏழு வருஷமாகிறது. வீட்டில் நாலு பேர், நாலு பேருக்குமே மின்சாமான் பைத்தியம். வீட்டுக்காரர் பழைய மினி கம்ப்யூட்டர்களை வாங்கி அடுக்கி வீட்டுக்கென்று தனி சர்வர் வைத்திருக்கிறார், பெரியவனுக்கு 13 வயது, செத்துப்போன ஹெட்போனை எல்லாம் சால்டர் வைத்துப் பேச வைக்கிறான், சின்னவளுக்கு எதைக் கண்டாலும் கழற்ற வேண்டும். சனிக்கிழமை காலையில் சாட்ஸ்வர்த் பங்களாதேஷ் மார்க்கெட்டில் கீரையும் மடும்பிக் கிழங்கும் வாங்கிக்கொண்டு, அப்படியே அந்தப் பக்கம் எங்காவது ஜம்பிள் சேல், அதாவது பழைய சாமான் விற்பனை, நடந்தால் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் வீடு திரும்புவோம். இதுவரை கிடைத்ததில் ரவுட்டர், கீபோர்டு, ஒரு நல்ல மானிட்டர் என்று எல்லாமே என்ன சாமான் என்று தெரிந்து வாங்கியவை. இந்தத் தடவை வாங்கியதுதான் எங்கள் யாருக்கும் பிடிபடவில்லை.

போன வாரம் ஒரு கோயில் மண்டபத்தில் ஜம்பிள் சேல். மேஜைக்கு அடியில், பழைய திரைச்சீலைகளுக்கு நடுவே ஒரு ரேடியோ இருந்தது. தூக்கிப் பார்த்தால் நல்ல கனம். முகப்பில் பார்லோ வாட்லி என்றும் எக்ஸ்சிஆர்-30 என்றும் எழுதியிருக்கிறது. சாதாரண ரேடியோ மாதிரி ஒரே டயல் இல்லை. மெகாஹெர்ட்ஸ் என்று ஒன்று, கிலோஹெர்ட்ஸ் என்று இன்னொன்று, இரண்டையும் தனித்தனியாகத் திருப்ப வேண்டும். விற்ற ஆன்டிக்கு எழுபது வயது இருக்கும். அப்பாவுடையது, அவர் போய் ரொம்ப வருஷமாகிவிட்டது, வீட்டைக் காலி செய்கிறோம் என்றார். 150 ராண்ட் சொன்னார், பேரம் பேசாமல் கொடுத்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து பேட்டரி மூடியைத் திறந்தோம். டார்ச் லைட்டுக்குப் போடுகிற பெரிய பேட்டரிக் கட்டை ஆறு போடும் இடம் அது, அதில் ஒரு கட்டை இன்னும் உள்ளேயே ஒட்டிக்கொண்டு கிடக்கிறது. ஸ்பிரிங்கெல்லாம் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருக்கிறது. மூடிக்கும் பேட்டரிக்கும் நடுவே நாலாக மடித்த ஒரு காகிதம். பிரித்துப் பார்த்தால் பென்சிலில் தமிழ்! "கொழும்பு 4.30" என்று ஒரு வரி, "டில்லி" என்று ஒரு வரி, பக்கத்தில் 11, 15 என்று எண்கள், அதற்குக் கீழே அரித்துப்போய் வாசிக்க முடியாத இரண்டு வரி. அந்த நிமிஷம் எனக்குக் கை கூசிவிட்டது. அடுத்தவர் வீட்டுக் கடிதத்தைத் திறந்த மாதிரி இருந்தது.

எனக்குத் தெரிய வேண்டியது மூன்று. ஒன்று, இது என்ன ரேடியோ, நல்லதா? இரண்டு, புது பேட்டரி போட்டு ஆன் செய்து பார்க்கலாமா, அல்லது உள்ளே ஏதாவது எரிந்துவிடுமா? பையன் ஸ்க்ரூ டிரைவரோடு காத்திருக்கிறான், நான்தான் தடுத்து வைத்திருக்கிறேன். மூன்றாவதுதான் மனசை அரிக்கிறது. இது விலை மதிப்புள்ள சாமான் என்றால் அந்த ஆன்டியிடம் போய்ச் சொல்ல வேண்டாமா? அந்தக் காகிதத்தையாவது திருப்பிக் கொடுக்க வேண்டாமா? வீட்டுக்காரர் "வாங்கியாச்சு, காசு கொடுத்தாச்சு" என்கிறார். எனக்கு அப்படி விட முடியவில்லை.

மிட்ராண்ட்_மின்னல்:

அக்கா, தயவுசெய்து ஆன் பண்ணிவிடாதீர்கள்! இதை நான் பதினைந்து வருஷமாகத் தேடுகிறேன், நீங்கள் திரைச்சீலைக்கு அடியிலிருந்து எடுத்திருக்கிறீர்கள்.

அது உங்கள் ஊர் ரேடியோ. பைன்டவுனை ஒட்டி நியூ ஜெர்மனி இருக்கிறதே, அங்கேதான் 1970களில் செய்தார்கள். வாட்லி என்பது டிரெவர் வாட்லி, 1920இல் டர்பனில் பிறந்தவர், அங்கேயே பல்கலைக்கழகத்தில் படித்தவர். மலை உச்சிக்கு மலை உச்சி நுண்ணலையை அனுப்பித் தூரத்தை அளக்கிற டெல்யூரோமீட்டர் என்ற கருவியை 1957இல் இங்குள்ள சிஎஸ்ஐஆர் என்ற அறிவியல் ஆராய்ச்சி அமைப்புக்காகச் செய்தவரும் அவர்தான். நில அளவையில் அதற்கு முன்னால் சங்கிலியும் கோணமும் வைத்து வாரக்கணக்கில் செய்த வேலை, அந்தக் கருவி வந்த பிறகு கொஞ்ச நேரத்தில் முடிந்தது.

இரண்டு டயல் ஏன் என்று கேட்டீர்கள் இல்லையா, அந்த ரேடியோவின் உயிரே அதில்தான் இருக்கிறது. சாதாரண சிற்றலை ரேடியோவில் ஒரு நிலையத்தைப் பிடித்து வைத்தால் சூடு ஏற ஏற அது நழுவிக்கொண்டே போகும், கை குமிழிலேயே இருக்க வேண்டும். உள்ளே அலையை உண்டாக்கும் ஆசிலேட்டர் நிலையாக நிற்காததுதான் காரணம். வாட்லி என்ன செய்தார் என்றால், அதே ஆசிலேட்டரை இரண்டு இடத்தில் பயன்படுத்தினார். வரும் சிக்னலோடு ஒரு தடவை கலக்கிறது, அப்புறம் 1 மெகாஹெர்ட்ஸ் படிகத்திலிருந்து வரும் அலைகளோடு சேர்ந்து வந்து இன்னொரு தடவை கலந்து கழிகிறது. அது எவ்வளவு நழுவினாலும் முதலில் கூடியது பின்னால் கழிந்துவிடும். தராசின் இரண்டு தட்டிலும் ஒரே கல்லை வைத்த மாதிரி. அதனால் மெகாஹெர்ட்ஸ் டயலை ஏறக்குறைய வைத்தாலே போதும், கிலோஹெர்ட்ஸ் டயலில் நுணுக்கமாகப் பிடிக்கலாம். இதே உத்தியை அதற்கு முன்பே இங்கிலாந்தில் ரேக்கல் ஆர்ஏ-17 என்ற பெரிய ரிசீவரில் போட்டார்கள். அது தூக்கவே சிரமமான கனத்த சாமான். அதைச் சுருக்கி டிரான்சிஸ்டரில், கையில் எடுத்துப் போகிற மாதிரி செய்ததுதான் உங்கள் கையில் இருப்பது.

சரி, வேலைக்கு வருவோம். பூத்திருக்கிற இடத்தை வினிகரில் நனைத்த பஞ்சுக் குச்சியால் துடையுங்கள். பிறகு பேட்டரியை நேராகக் கொடுக்காமல், நடுவில் ஒரு சின்ன டார்ச் பல்பைத் தொடராகப் போட்டுக் கொடுங்கள். உள்ளே எங்காவது ஷார்ட் இருந்தால் பல்ப் பளிச்சென்று எரியும், ரேடியோ தப்பிக்கும். பல்ப் மங்கலாக இருந்தால் அல்லது எரியவே இல்லை என்றால் தைரியமாகத் தொடரலாம். ஆறு கட்டை என்றால் 9 வோல்ட், பிளஸ் மைனஸை மட்டும் இரண்டு தடவை பாருங்கள்.

விற்பதாக இருந்தால் முதலில் எனக்குச் சொல்லுங்கள். விற்காமல் வைத்துக்கொண்டால் அதைவிட சந்தோஷப்படுவேன்.

திருச்சி_டர்பன்:

மேலே சொன்னதில் வினிகர் விஷயத்தை மட்டும் திருத்துகிறேன், ஏனென்றால் இதில்தான் நிறைய பேர் தவறு செய்கிறார்கள். எல்லா பேட்டரியும் ஒரே மாதிரி ஒழுகாது. அல்கலைன் பேட்டரியிலிருந்து ஒழுகுவது காரம், அதற்குத்தான் வினிகர் அல்லது எலுமிச்சைச் சாறு. பழைய துத்தநாகக் கட்டை பேட்டரியில் வருவது அமிலத் தன்மை உள்ளது, அதற்கு மேலும் வினிகர் ஊற்றினால் அரித்ததையே அரிக்கும். அதற்கு சமையல் சோடாவைக் கொஞ்சம் தண்ணீரில் குழைத்துத் தடவ வேண்டும். உள்ளே ஒட்டிக்கொண்டிருக்கும் கட்டையின் மேல் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள், அதிலேயே விடை இருக்கிறது. எதைத் தடவினாலும் கடைசியில் ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்து, ஒரு நாள் முழுக்கக் காய விடுங்கள். டர்பன் ஈரக்காற்றில் ஒரு நாள் போதாது என்று தோன்றினால் இரண்டு நாள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், அந்தத் தூளை வாயால் ஊத வேண்டாம், பக்கத்தில் குழந்தைகள் இருக்கிறார்கள்.

இன்னொன்று. நான் இங்கே பத்து வருஷமாக மின்சாதனம் பழுது பார்க்கிறேன். நம் ஊரில் பழைய சாமான் வாங்குகிறவர்கள் 2022 ஏப்ரல் வெள்ளத்தை மறக்கக் கூடாது. அந்தத் தண்ணீரில் கிடந்த டிவி, ஆம்ப்ளிஃபயர், கம்ப்யூட்டர் எல்லாம் வெளியே நன்றாகத் துடைக்கப்பட்டு இன்றைக்கும் கைமாறிக்கொண்டுதான் இருக்கின்றன. என்னிடம் வந்த ஒரு ஆம்ப்ளிஃபயர் வெளியே கண்ணாடி மாதிரி இருந்தது, அடிமூடியைத் திறந்தால் டிரான்ஸ்ஃபார்மர் காலடியில் செம்மண் கோடு. ஸ்க்ரூ தலைகளைப் பாருங்கள், ஸ்க்ரூ இறங்கும் குழிக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள், மூடி ஓரத்தில் விரல் நகத்தால் கீறி மோந்து பாருங்கள். மண் வாசனை போகாது. கடலோர வீடுகளில் இருந்ததற்கு வேறு அடையாளம், அது சீராக எல்லா உலோகத்திலும் பொடித் துருவாக இருக்கும். வெள்ளத்துக்கு ஒரு மட்டக் கோடு இருக்கும்.

ரேடியோ ஆன் ஆகி வால்யூம் குமிழைத் திருப்பும்போது கொரகொர என்றால் பயப்பட வேண்டாம், கான்டாக்ட் கிளீனர் ஒரு சொட்டு விட்டு இருபது தடவை திருப்பினால் சரியாகும். துருவுக்கு அடிக்கிற எண்ணெய் ஸ்ப்ரேயை உள்ளே அடிக்கவே கூடாது, அது படிந்து தூசியைப் பிடித்துக்கொள்ளும். இணையத்தில் சிலர் பழைய கண்டென்சர் எல்லாவற்றையும் கண்ணை மூடிக்கொண்டு மாற்றச் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பேசுகிற செட்டை நாற்பது இடத்தில் சால்டர் வைத்தால், புதிதாக வரும் பழுது உங்கள் கையால் வந்ததாகத்தான் இருக்கும். பேசாவிட்டால் மட்டும், மீட்டர் வைத்துக் கெட்டதை மட்டும் மாற்றுங்கள். உள்ளே திருப்புகிற மாதிரி சின்னச் சின்ன உலோகக் கூடுகள் இருக்கும், பையனிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள், அவற்றைத் தொடவே கூடாது. கருவி இல்லாமல் அதைத் திரும்ப வைக்க முடியாது.

மஸ்கிரேவ்_மாடிவீடு:

இருவருக்கும் நன்றி. ஒட்டியிருந்த கட்டையை மரக் குச்சியால் மெல்ல நெம்பி எடுத்தோம். மேல் தகடு பாதி அரித்துப்போயிருந்தாலும் எழுத்து தெரிகிறது, அல்கலைன் இல்லை, பழைய துத்தநாக வகைதான். அதனால் சோடாதான் போட்டோம். போட்டவுடன் பொரிந்து நுரைத்ததைப் பார்த்துச் சின்னவளுக்கு அவ்வளவு சந்தோஷம். ஸ்க்ரூ எல்லாம் சுத்தம், மண் கோடு எதுவும் இல்லை. இன்னும் ஆன் செய்யவில்லை.

பையன் ஒன்று கேட்கிறான்: இதில் லோட்டஸ் எஃப்எம் வருமா?

மிட்ராண்ட்_மின்னல்:

வராது தம்பி. அந்த டயல் அரை மெகாஹெர்ட்ஸிலிருந்து 30 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும்தான். எஃப்எம் தொடங்குவதே 87.5க்கு மேலே. நீ பிடிக்கப் போவது பக்கத்து ஊர் இல்லை, பக்கத்துக் கண்டம்.

யூனிட்_மூன்று:

வணக்கம். நான் சாட்ஸ்வர்த்திலேயே வளர்ந்தவன், வயது 72. என் தமிழ் பாடசாலையில் படித்தது, பள்ளிக்கூடம் விட்ட பிறகு மத்தியானத்தில் போவோம். எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அந்தக் காகிதத்தைப் பற்றிப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

கொழும்பு 4.30 என்பது சிலோன் ரேடியோ. நம் நேரத்துக்கும் அவர்கள் நேரத்துக்கும் மூன்றரை மணி வித்தியாசம், இங்கே சாயங்காலம் 4.30 என்றால் அங்கே இரவு 8. எங்கள் வீட்டில் தாத்தா கரும்புத் தோட்டத்து ஆட்களின் பிள்ளை, படித்தவர் இல்லை, ஆனால் இந்த நேரக் கணக்கு மட்டும் அவருக்கு விரல் நுனியில். 1967இல் அந்த நிலையத்தின் பெயர் மாறிவிட்டது, ஆனாலும் வீட்டில் எல்லோரும் சிலோன் என்றுதான் சொன்னோம்.

இப்போதுள்ள பிள்ளைகளுக்கு இது ஏன் அவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியாது. இந்த நாட்டில் டெலிவிஷன் வந்ததே 1976 ஜனவரியில். எங்களுக்கென்று முழு நேர வானொலி, ரேடியோ லோட்டஸ், 1983இல்தான். இனத்துக்கு ஓர் இடம் என்று பிரித்த குழு வட்டாரச் சட்டத்தில் நகரத்திலிருந்து எங்களை எடுத்து இங்கே எண் போட்ட யூனிட்டுகளில் குடி வைத்தார்கள், வீதியில் தெரிந்த முகமே கிடையாது. அந்த நாளில் தமிழ்க் குரல் வேண்டுமென்றால் கோயிலுக்குப் போக வேண்டும், அல்லது சிற்றலையில் தேட வேண்டும். தாத்தா ஜன்னலிலிருந்து கொய்யா மரத்துக்குச் செம்புக் கம்பி ஒன்று கட்டியிருந்தார். காற்று அடித்தால் பாட்டு தூரம் போகும், திரும்ப வரும். பாதி பாட்டுக்கு ஆயா தானே வரி போட்டுப் பாடுவார், ஏனென்றால் அந்த இடம் எப்போதும் இரைச்சலில் போய்விடும். பல வருஷம் கழித்து அந்தப் பாட்டைக் கேசட்டில் முழுதாகக் கேட்டபோது, ஆயா பாடிய வரி அதில் இல்லை!

எங்களிடம் இருந்தது சாதாரண செட். பார்லோ வாட்லி எங்கள் தெருவில் யாரிடமும் இருந்ததில்லை, தொழிற்சாலை இவ்வளவு பக்கத்தில் இருந்தும் அதற்குக் கொடுக்கப் பணம் வேண்டுமே. அந்த ஆன்டியின் அப்பா அதை எப்படி வாங்கினாரோ, எவ்வளவு காலம் சேர்த்து வைத்தாரோ. மகளே, காகிதத்தை அவரிடம் கொண்டுபோய்க் கொடு. என் தாத்தா கையெழுத்து ஒன்றுகூட எங்களிடம் இல்லை.

மாரிட்ஸ்பர்க்_அக்கா:

ஐயா சொன்னதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை, ஆனாலும் என் அனுபவத்தைச் சொல்கிறேன்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு தர்மக் கடையில் பழைய ஹார்ட் டிஸ்க் ஒன்று 60 ராண்டுக்கு வாங்கினேன். செருகிப் பார்த்தால் அழிக்கவே இல்லை. ஒரு குடும்பத்தின் பத்து வருஷப் படம் அப்படியே இருந்தது, கல்யாணம், குழந்தை, ஆஸ்பத்திரிக் கட்டில். இரண்டு படத்துக்கு மேல் நான் திறக்கவில்லை. கடையில் போய்ச் சொன்னேன், அவர்களுக்குக் கொடுத்தவர் யார் என்று தெரிந்திருந்தது, கூப்பிட்டார்கள். வந்த பெண் அந்த டிஸ்க் தொலைந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தாராம், வீடு மாறும்போது கேபிள் பெட்டியோடு போய்விட்டது. நான் படங்களைப் பெரிய பென் டிரைவில் ஏற்றிக் கொடுத்துவிட்டு, டிஸ்க்கை முழுதாக அழித்து இன்றைக்கும் பயன்படுத்துகிறேன். அதனால் இரண்டையும் பிரித்துப் பார்க்கலாம் தோழி. சாமான் உங்களுடையது, அவர் சொன்ன விலையைக் கொடுத்துத்தான் வாங்கினீர்கள். காகிதம் அவர்களுடையது, அவர் அதை விற்கவில்லை.

ஆனால் விலை விஷயத்தையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள் என்பது என் எண்ணம். சொன்ன பிறகு அவர் ரேடியோவைத் திரும்பக் கேட்டால் கொடுப்பீர்களா என்று முதலில் வீட்டில் உட்கார்ந்து பேசி முடிவு செய்துவிட்டுப் போங்கள். அங்கே போய் நின்று யோசித்தால் சங்கடம்.

சொந்தமாக எதையாவது விற்கிறவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன்: போனோ லேப்டாப்போ அடகுக் கடையில் விற்றால் அடையாள அட்டை கேட்பார்கள், கோபப்பட வேண்டாம், 2009ஆம் வருஷத்துப் பழைய பொருள் சட்டப்படி விற்றவர் யார் என்று அவர்கள் பதிவேட்டில் எழுதி வைத்தே ஆக வேண்டும். வாங்குகிற போனில் நட்சத்திரம், ஹேஷ், 06, ஹேஷ் அடித்து வரும் எண்ணைப் பெட்டியில் உள்ள எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ரேடியோவுக்கு இது தேவையில்லை, இந்தப் பக்கம் வந்து படிக்கிற வேறு யாருக்காவது உதவும்.

மிட்ராண்ட்_மின்னல்:

ஜோபர்க் பக்கத்திலிருந்து ஒரே ஒரு சேர்க்கை. ஆன் செய்தவுடன் வெறும் இரைச்சல்தான் கேட்டால், ரேடியோ கெட்டுவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். 2023இல் இங்கே லோட் ஷெட்டிங் உச்சத்தில் இருந்தபோது இருட்டில் உட்கார்ந்து சிற்றலை கேட்பேன். கரண்ட் போன அந்த நொடியில் இரைச்சல் அப்படியே அடங்கும், திரையை விலக்கிய மாதிரி நிலையங்கள் வரிசையாக நிற்கும். இரண்டு மணி நேரம் கழித்துத் தெருவில் கரண்ட் வந்தால் எல்லாம் மறைந்துவிடும். மலிவு சார்ஜர், எல்இடி விளக்கு, சோலார் இன்வெர்ட்டர், எல்லாமே சிற்றலையில் இரையும். உங்கள் வீட்டில் சர்வர் வேறு ஓடுகிறது! ஜன்னலுக்கு வெளியே பத்து மீட்டர் கம்பி ஒன்று இழுத்துவிடுங்கள், இடி மின்னல் வந்தால் கழற்றிவிடுங்கள். பகலில் 15 மெகாஹெர்ட்ஸ் பக்கம், இருட்டின பிறகு 6, 7, 9 பக்கம் தேடுங்கள்.

மஸ்கிரேவ்_மாடிவீடு:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், தாமதத்துக்கு மன்னியுங்கள், சொல்ல நிறைய இருக்கிறது.

முதலில் ரேடியோ. இரண்டு நாள் காய வைத்து, ஸ்பிரிங்குகளை மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து, ஒரே ஒரு ஒயர் மட்டும் அரித்து அறுந்திருந்ததைப் பையன் மாற்றினான். டார்ச் பல்பைத் தொடராகப் போட்டு ஆன் செய்தோம். பல்ப் லேசாகச் சிவந்து நின்றது, அவ்வளவுதான். ஸ்பீக்கரில் "உஸ்ஸ்" என்று ஒரு மூச்சு வந்தது பாருங்கள், நாலு பேரும் கையைத் தட்டிவிட்டோம்.

அப்புறம் மின்னல் சொன்ன மாதிரியே எந்த இடத்தில் திருப்பினாலும் ஒரே கரகரப்பு. இவர் டிபி போர்டுக்குப் போய் மெயின் சுவிட்சையே தட்டிவிட்டார், சர்வரும் சேர்ந்து அணைந்தது, அவர் அதை அணைத்து நான் பார்த்ததே இல்லை. வீடு இருட்டு, ரேடியோவில் 9 மெகாஹெர்ட்ஸ் பக்கம் ஒருவர் நிதானமாக ஆங்கிலத்தில் செய்தி வாசித்துக்கொண்டிருந்தார், ஆப்பிரிக்காவுக்கான பிபிசி. பிறகு ஒவ்வொரு சுவிட்சாக மேலே தூக்கினோம். சர்வர்தான் திருடன் என்று எல்லோரும் நினைத்தோம், அது இல்லை. பையன் ரேடியோவைக் கையில் தூக்கிக்கொண்டு ஏரியலைச் சுவர் சுவராக நீட்டிப் போனான், டிவிக்குப் பின்னால் போனதும் கத்த ஆரம்பித்தது. நான் போன வருஷம் ஒட்டிய எல்இடி பட்டையின் அடாப்டர். அதைப் பிடுங்கியதும் முக்கால்வாசி அமைதி. ரவுட்டருக்கு வைத்திருந்த மினி யூபிஎஸ்ஸை ஹாலிலிருந்து கடைசி அறைக்கு மாற்றினோம், மீதியும் அடங்கியது. ஞாயிற்றுக்கிழமை காலையில் 7 மெகாஹெர்ட்ஸில், எல்எஸ்பி (ஒருபக்க அலை முறை) பக்கம் சுவிட்சைத் தள்ளினால், இரண்டு அமெச்சூர் ரேடியோக்காரர்கள் ஆஃப்ரிகான்ஸில் பேசிக்கொண்டிருந்தார்கள். அரைமணி நேரம் டயலைத் தொடவே இல்லை, குரல் ஒரு இழை நழுவவில்லை. வாட்லி செய்தது என்ன என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

அடுத்து ஆன்டி. வீட்டில் பேசி, கேட்டால் கொடுத்துவிடுவது என்று முடிவு செய்தோம். பையனுக்குக் கண் கலங்கியது, ஆனாலும் சரி என்றான். கோயிலில் விசாரித்துப் போன சனிக்கிழமை அவர் வீட்டுக்குப் போனோம், ரேடியோவையும் எடுத்துக்கொண்டு. பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார். இது நியூ ஜெர்மனியில் செய்தது, தேடி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள், 150 ராண்டைவிட நல்ல விலை போகும் என்று எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுக்கொண்டார். காகிதத்தை ஒரு கண்ணாடித் தாளுக்குள் வைத்திருந்தேன், அதை நீட்டினேன்.

அவருக்குத் தமிழ் எழுத்து தெரியாது. படி என்றார். கொழும்பு 4.30, டில்லி, 11, 15 என்று படித்தேன். அதன் பின்பக்கத்தை நான் முதலில் சரியாகவே பார்க்கவில்லை, வெயிலில் பிடித்தால் அங்கேயும் பென்சில் எழுத்து. கடைக் கணக்கு. துவரம் பருப்பு, புளி, நீலச் சோப்பு, பாரஃபின் (மண்ணெண்ணெய்) ஒரு போத்தல். பாரஃபின் என்றதும் அவர் காகிதத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். கடைக்குப் போகிறவள் நான்தான், போத்தலைச் சிந்தாமல் கொண்டுவந்தால் ஒரு மிட்டாய் என்றார். அதற்கப்புறம் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

ரேடியோ வேண்டாம் என்று சொல்லிவிட்டார். போகிற இடம் மகள் வீட்டில் ஒரே ஒரு அறை, அங்கே வைத்தால் மறுபடி யாராவது மேஜைக்கு அடியில் போடுவார்கள், உன் பையன் கையில் இருக்கட்டும் என்றார். ஆனால் ஒரு தடவை கேட்க வேண்டும் என்றார். முற்றத்தில் வைத்து ஏரியலை நீட்டி, சாயங்காலம் 4.30க்குத்தான், மெகாஹெர்ட்ஸ் டயலை 11இல் வைத்தேன். சிலோன் இல்லை. நடுவில் ஒரு அரபு நிலையம் மட்டும் மெலிதாக வந்து போயிற்று. அவர் அதையே காதைச் சாய்த்துக் கேட்டார், அப்பா இப்படித்தான் தேடுவார், இதே சத்தம்தான் என்றார். காகிதத்தின் நகல் ஒன்றை அவரே போனில் படம் எடுத்து எனக்கு அனுப்பினார், ரேடியோவோடு வைத்துக்கொள் என்று.

யூனிட் மூன்று ஐயாவைப் பற்றியும் சொன்னேன். அடுத்த மாதம் வீடு மாறுவதற்குள் ஒரு நாள் வரச் சொல்கிறார். ஐயா, வருவீர்களா? நாங்கள் வண்டியில் வந்து அழைத்துப் போகிறோம்.

திருச்சி அண்ணாவுக்கு ஒரு கேள்வி: மெகாஹெர்ட்ஸ் டயல் 20க்கு மேல் திருப்பும்போது இறுக்கமாக இருக்கிறது, பழைய கிரீஸ் காய்ந்திருக்கும் போல. எதைப் போடலாம், எவ்வளவு போடலாம்? பையன் இன்னும் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைக்கவில்லை.